சுராங்கனியைக் கிண்டல் பண்ணாதீங்க!

'சுராங்கனி' என்றாலே நம்ம மக்களுக்கு ஒரு இளக்காரம். காலேஜ் டூர் பஸ்ஸில் கை தட்டிக் கத்துகிற பாட்டு, அவ்வளவுதானே என்பார்கள். அவ்வளவுதான் இல்லைங்க.

போர்த்துகீசியர் வழியாக இலங்கைக்கு வந்த பைலா மெட்டில், சிங்களத்தையும் தமிழையும் கலந்து ஏ.ஈ.மனோகரன் பாடிப் பிரபலமாக்கிய பொப் பாட்டு அது. உனக்கு மீன் கொண்டு வந்திருக்கேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதுதான் விஷயமே. தத்துவம் கித்துவம் எல்லாம் கிடையாது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் வந்தது. பிறகு 1983-லிருந்து 2009 வரை அந்தத் தீவில் போர். பாட்டுக்குள் மட்டும் இரண்டு மொழியும் பிரியவே இல்லை.

நான் பிழைக்க வந்த இந்த அல்சூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பக்கம் உள்ள திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 வருஷம் மூடியே கிடந்தது, 2009-ல்தான் திறந்தார்கள். ஆனால் இங்கே பூக்காரம்மாவும் ஆட்டோக்காரரும் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலந்து பேச யாரும் அனுமதி கேட்டதில்லை. பெருமைக்காகத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் மொழிக்குச் சண்டை வருகிறது. விளையாட்டாகப் பேசினால் வருவதில்லை.

பிள்ளைகளின் தமிழில் கன்னடம் கலக்குதே என்று புலம்புகிற அப்பா அம்மாக்களே, குறள் சொல்லிக் கொடுங்கள், கட்டாயம் வேணும். கூடவே சுராங்கனியையும் போட்டுவிட்டு ஆடவிடுங்கள். மனோகரன் 2018-ல் சென்னையில் காலமாகிவிட்டார். அவர் பாட்டை 'சும்மா ஜாலிக்கு' என்று ஒதுக்கினால் நஷ்டம் அவருக்கு இல்லை, நம்ம பிள்ளைகளுக்குத்தான்.