யாருடைய புத்தகம்?

எங்கள் வகுப்பில் 38 பேர். அத்தனை பேரும் பெண்பிள்ளைகள். ஆனாலும் ஆங்கில டீச்சர் கரும்பலகையில் எழுதிய வாக்கியம், "எவ்ரி ஸ்டூடன்ட் மஸ்ட் பிரிங் ஹிஸ் புக்." பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "அது இலக்கணம், பிள்ளைகள்" என்றார்.

டீச்சரை நான் குறைசொல்லவில்லை. அவருக்குக் கற்பித்தவர்களும் அப்படித்தான் கற்பித்திருப்பார்கள். சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று பிரித்தானியப் பாராளுமன்றம் 1850இல் சட்டமே இயற்றியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஆங்கிலேயர் ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒருவரைக் குறிக்க 'தே' என்றும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பயிற்சித்தாளில் டொக்டர் என்றால் 'ஹி', விமானி என்றால் 'ஹி', தாதி என்றால் மட்டும் 'ஷி'. 'ஹி' எல்லோருக்கும் பொது என்றால் தாதிக்கும் அதுதானே வரவேண்டும்? உலகின் முதல் பெண் பிரதமரை 1960இல் தந்த நாடு இது. ஆனாலும் 'பிரைம் மினிஸ்டர்' என்றதும் என் பேனாவும் 'ஹி' என்றுதான் எழுதியது.

தமிழில் 'அவர்' இருக்கிறதே என்று பெருமைப்படலாம்தான். ஆனால் டொக்டரை 'அவர்' என்கிற நாம், வீட்டு வேலைக்கு வருபவரை 'அவள்' என்கிறோம். (உம்மாவிடம் இதைச் சொன்னேன். முறைத்தார்.)

போன தவணைப் பரீட்சையில் 'தே' என்று எழுதி ஒரு புள்ளியை இழந்தேன். அந்தப் புள்ளியைத் திருப்பித் தரச் சொல்லி டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.