எந்த நெருப்பு?

மதுரையில் எனக்கு வேண்டிய ஒரு வீட்டில் பெரியவர் காலமானார். எண்பதைத் தாண்டிய நிறைவான சாவு. நீர்மாலை எடுத்து வந்தாயிற்று, கோடியும் போட்டாயிற்று. மூத்த மகன் மெதுவாகக் கேட்டார்: "தத்தனேரி மின் மயானத்துக்குச் சொல்லிவிடலாமா, மாமா?"

அவ்வளவுதான். தாய்மாமன் துண்டை உதறிக் கொண்டு எழுந்துவிட்டார். "ஏன் மாப்பிள்ளை, என் மச்சான் என்ன அநாதைப் பிணமா?"

மகனிடம் பதில் இல்லை. விறகு வந்து இறங்கியது. இறந்தவர் எதை விரும்பினார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. மகள் கல்யாணத்துக்கு எந்தச் சமையற்காரர் என்று ஆறு மாதம் யோசித்த மனிதர், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வாயெடுத்திருந்தால் நாமே பொத்தியிருப்போம், அபசகுனம் என்று!

விறகு மரியாதை, உலை அவமரியாதை என்று யார் சொன்னது? "நம் வழக்கம்" என்பார்கள். எந்த வழக்கம்? கீழடியை அடுத்த கொந்தகையில் தோண்டினால் தாழி தாழியாக வருகிறது. 'மணிமேகலை'யின் சக்கரவாளக் கோட்டத்துக் காதையோ புகார் நகரத்துச் சுடுகாட்டில் ஐந்து முறைகளைச் சொல்கிறது: சுடுவது, வெறுமனே இட்டுவிட்டுப் போவது, குழியில் புதைப்பது, பள்ளத்தில் அடைப்பது, தாழியால் மூடுவது. ஐந்து வழி கண்டவர்களுக்கு ஆறாவது வழி வந்தால் குடி முழுகிவிடுமா?

இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் 1879-இல் உலை கட்டினார்கள். பிணத்தை எரிப்பதே அநாகரிகம் என்ற எதிர்ப்பில், 1885 வரை ஓர் உடலைக்கூட அதில் எரிக்க முடியவில்லை. அவர்களுக்கு நெருப்பு அவமரியாதை. நமக்கு நெருப்பைச் சுற்றியுள்ள சுவர் அவமரியாதை!

விஷயம் இவ்வளவுதான். சிதைக்கு 300 முதல் 500 கிலோ வரை விறகு வேண்டும். எருவாட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசும் மூட்டம் இரவெல்லாம் கனலும். மறுநாள்தான் எலும்பு பொறுக்கலாம். உலையில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சாம்பலை அன்றே வாங்கலாம். வாய்க்கரிசி, கொள்ளிக்குடம், கற்பூரம் எல்லாம் உலைக் கதவுக்கு இந்தப் பக்கம் குறைவில்லாமல் நடக்கும். இறந்தவர் மார்பில் பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும்.

பிறகு எதற்கு இந்தக் கௌரவம்? சாவில் கௌரவம் தேடும் மனம் எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் பேரையூர் வட்டாரத்தில், கூரையுள்ள மயானத்தில் இடம் மறுக்கப்பட்டு, ஒரு தலித் குடும்பம் மழையில் திறந்த வெளியில் பிணத்தை எரித்தது. அதே மாதம் வாணியம்பாடி அருகே, மயானத்துக்கு வழிவிட ஆளில்லாமல், பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் ஓர் உடலை இறக்கினார்கள்.

தத்தனேரி உலை சாதி கேட்பதில்லை. முன்னால் போனவர் யார், பின்னால் வருகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. சிலருக்கு அதன்மேல் உள்ள கோபமே அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வாசக அன்பர்களே, உலைதான் வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. விறகே வேண்டுமா? தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இன்றே சொல்லுங்கள். ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காகிதம், துக்கத்தில் நாக்கு ஒட்டிக் கிடக்கும் உங்கள் மகனுக்கு வாய் கொடுக்கும்.

நான் எழுதிவிட்டேன். ரேஷன் கார்டு இருக்கும் பையில் ஒன்று இருக்கிறது. என் பிள்ளைகளின் தாய்மாமனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.