தறிக்கு ஜப்தி இல்லை, மதிப்பெண்ணுக்கு?

தேவிகாபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் கோர்ட் அமீனா நின்றால், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். புரோநோட்டு, சம்மன், வாய்தா, போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி டிகிரி என்னும் ஒருதலைத் தீர்ப்பு, கடைசியில் ஜப்தி. ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவுத் தெருக்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. இப்போது அதன் வாலில் ஒரு பயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘டிகிரி ஆயிடுச்சின்னா சிபில் போச்சு, இனி எந்த பேங்க்கும் கடன் தராது.’

இது பெரும்பாலும் தவறு. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்றவை தரும் கணக்குகளை வைத்தே அறிக்கை தயாரிக்கின்றன. நீதிமன்றங்கள் அவற்றுக்குத் தீர்ப்புகளை அனுப்புவதில்லை. புரோநோட்டின் பேரில் ஒரு தனிநபர் இரண்டு லட்சத்துக்கு டிகிரி வாங்கினாலும் அது அந்த அறிக்கையில் ஏறாது. இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே கடன் தீர்ப்பு பொதுப் பதிவேட்டில் ஆறு ஆண்டுகள் இருக்கும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் நீக்கிவிடுவார்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2017-இல் உரிமையியல் தீர்ப்புகளைத் தங்கள் அறிக்கைகளிலிருந்து எடுத்துவிட்டன.

வங்கியே வழக்குப் போட்டால் அறிக்கையில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. ஆனால், விஷயம் வழக்குவரை போவதற்குள் அறிக்கையில் உள்ள கடன் மதிப்பெண் ஏற்கெனவே சரிந்திருக்கும். அதாவது, நாம் நடுங்குகிற கோர்ட் இந்த மதிப்பெண்ணைப் பெரிதாகத் தொடுவதில்லை. மதிப்பெண்ணை இறக்குகிறவர்களுக்குக் கோர்ட்டே தேவையில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய கோர்ட்டின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு கைவினைஞரின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. நெசவாளிக்குக் கருவி என்றால் தறிதான். சமையல் பாத்திரமும் படுக்கையும் அதே பிரிவில் தப்பிக்கின்றன. புரோநோட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு, டிகிரியை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு என்று கெடு இருக்கிறது. கையில் காசில்லாதவனை, இல்லாமையின் பேரிலேயே சிறையில் தள்ள முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். எக்ஸ்பார்ட்டி டிகிரியைக்கூட, தக்க காரணம் சொல்லி முப்பது நாளுக்குள் மனுப் போட்டால் ரத்து செய்ய வழி உண்டு.

மதிப்பெண்ணிடம் இந்த இரக்கம் எதுவும் கிடையாது. 300-இலிருந்து 900 வரை ஓடும் அந்த எண்ணுக்குப் பின்னால், ஒவ்வொரு மாதத் தவணையும் எத்தனை நாள் தாமதமானது என்ற கணக்கு முப்பத்தாறு மாதங்களுக்கு விரிந்து கிடக்கிறது. தெருவில் பாவு போட முடியாமல் மழை பிடித்துக்கொள்கிற வாரங்கள், குழித்தறியில் தண்ணீர் ஊறும் நாட்கள், புடவை கொடுத்தும் கூலி வராமல் இழுபடும் மாதம் எல்லாம் அதில் வெறும் தாமத நாட்கள்தான். காரணம் எழுத இடமில்லை. கடன் கொடுப்பவர் ஆளின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அந்த வரலாறு இல்லாவிட்டால் ஈடில்லாக் கடனே கிடைக்காது, நெசவாளி திரும்பவும் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்பார். என் குறை வேறு: எதிர்த்தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு எழுதப்படுகிறது. ஒரு கணக்கை மோசடி என்று வகைப்படுத்துமுன் கடனாளியின் பதிலைக் கேட்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் ராஜேஷ் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணத் தவணைத் தாமதத்துக்கு அப்படியொரு விசாரணை கிடையாது.

இதில் மோசமான இடம் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம். அங்கே ஏற்படும் சமரசத்துக்கு டிகிரியின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு இல்லை. எண்பதாயிரம் வங்கிப் பாக்கிக்கு ஐம்பதாயிரம் கட்டிக் கையெழுத்துப் போட்டவர் ‘கணக்கு முடிந்தது’ என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார். அறிக்கையிலோ அது முழுதாக அடைத்த கடனாக அல்ல, குறைத்துத் தீர்த்துக்கொண்ட கடனாக நிற்கும். அடுத்த கடனுக்குப் போகும்போதுதான் அதன் விலை தெரியும். சமரசத்தில் கையெழுத்து வாங்குமுன் இதைத் தமிழில் சொல்வதும், எந்தத் தேதிக்குள் வங்கி கணக்கைத் திருத்தி அனுப்பும் என்று உத்தரவிலேயே எழுதுவதும் அமர்வின் கடமையாக்கப்பட வேண்டும். செலவில்லாத சீர்திருத்தம் இது.

கடனாளிக்குச் சில உரிமைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்து புகார் கொடுத்தால் முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு. தவணை தவறியதைத் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும்போது கடனாளிக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போக வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. என் கைபேசிக்கு வங்கியிலிருந்து வருகிற செய்திகள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அமீனாவாவது வாசலில் நின்று தமிழில் சொல்லிவிட்டுப் போவார்.