சோறு என்றால் கேவலமா?

கல்லூரி விடுதியில் "சோறு போடுங்க" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். 'சாதம்' என்று சொல்ல வேண்டுமாம். இன்னும் நாகரிகம் வேண்டுமென்றால் 'ரைஸ்'!

எங்கள் வெள்ளிமலைப் பக்கம் சாமையைக் குத்திப் பொங்கினாலும் சோறுதான், ரேஷன் அரிசியைப் பொங்கினாலும் சோறுதான். ஒரு சேர மன்னனுக்கே பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் என்றுதான் பெயர். அவரை இனி 'பெருஞ்சாத உதியன்' ஆக்கிவிடலாமா?

சொற்கள் கெட்டுப்போவது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1274-ஆம் குறளில் நாற்றம் என்றால் மொட்டுக்குள் இருக்கும் மணம். இன்று அந்தப் பொருளே தலைகீழாகிவிட்டது. 964, 969 குறள்களில் வள்ளுவர் கூசாமல் எழுதிய மயிர் இன்று வசவாகிவிட்டது. (ஆனால் பேப்பரில் "மயிரிழையில் உயிர் தப்பினார்" என்று போட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை!)

சரி, சோறு என்ன தப்பு செய்தது? பொருள் மாறவில்லை. வசவாகவும் ஆகவில்லை. பானையில் இருப்பதும் அதேதான். ஆக, உங்களுக்குக் கூசுவது சொல் அல்ல, அதைச் சொல்கிற ஆள். மலைக்காரன், கூலிக்காரன், பட்டிக்காட்டான்.

இதே ஆட்கள் ஓட்டல் போர்டில் 'கூட்டாஞ்சோறு' என்று பார்த்தால் காசு கொடுத்து ரசித்துச் சாப்பிடுவார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால், சரக்கு ஒன்றுதான், லேபிளுக்குத்தான் மரியாதை.

உங்களுக்கு இது வெறும் சிரிப்பு. ஆனால் மலையிலிருந்து புதிதாக வந்த பையன் அந்தச் சிரிப்புக்குப் பயந்து, இரண்டாம் முறை கேட்காமல் அரை வயிற்றோடு எழுந்து போகிறான். நாகரிகம் என்பது இதுதானா நண்பர்களே?