வந்த வண்டியை எண்ணினால் ஊர் பிழைக்குமா?

சுற்றுலா மீண்டுவிட்டது என்று வருடா வருடம் செய்தி வருகிறது. சாட்சிக்கு ஒரு எண்ணிக்கையும் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் வந்துபோன உள்நாட்டுப் பயணிகள் 2019-இல் ஏறத்தாழ 49 கோடி. கொரோனா காலத்தில், 2021-இல், அது 11 கோடிச் சொச்சமாக விழுந்தது. 2022-இல் 21 கோடியைத் தாண்டிவிட்டது. ஆகவே எழுந்து உட்கார்ந்துவிட்டோம், சந்தோஷப்படுங்கள் என்கிறார்கள்.

நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து, காலம் காலமாகப் படிவங்களில் எண்களை நிரப்பியவன். ஒரு கட்டத்தில் எண் ஏறினால் ஊரில் அடுப்பு எரிந்தது என்று அர்த்தமில்லை. வந்தவர் எங்கே சாப்பிட்டார், எங்கே படுத்தார், யார் கையில் காசு கொடுத்தார் என்பதை இந்த 21 கோடி சொல்லாது. அதைச் சொல்லாத கணக்கை வைத்துக்கொண்டு டெல்டா கிராமங்கள் பிழைத்துவிட்டன என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் பக்கத்துக்கு அடி மேல் அடி விழுந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அதிலிருந்து நிமிர்கிற நேரத்தில், 2020 பிப்ரவரி 5 அன்று, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 23 வருடம் கழித்துக் குடமுழுக்கு. லட்சக்கணக்கில் ஜனம். இனி நல்ல காலம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு, கோயில் நடை சாத்தியாயிற்று. அதே வருடம் ஜூன் 12 அன்று, எட்டு வருடத்துக்குப் பிறகு, குறித்த தேதியில் மேட்டூர் திறந்தது. நெல்லுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கோயில் வாசலையும் வெளியூர் ஆட்களையும் நம்பிப் பிழைத்தவர்களுக்கு என்ன வந்தது?

உதவி அறிவிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய் கடன் என்று ஸ்வநிதி திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது நகர்ப்புறத்து வியாபாரிகளுக்கானது. கிராமத்து ஆள் டவுன் எல்லைக்குள் வந்து விற்றால் உண்டு, கிராமத்திலேயே விற்றால் இல்லை. நம் நவக்கிரகத் தலங்களில் திங்களூர், கஞ்சனூர், கீழப்பெரும்பள்ளம் எல்லாம் கிராமங்கள். அங்கே விளக்கும் பூவும் விற்கிறவர் எந்தக் கணக்கில் வருவார்?

மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் இன்றைக்கும் நாலு பேர் வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மா கிராமத்துக் கோயில் வாசலில் அகல் விளக்கு விற்கிறவர். விதியை வாசித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏங்கய்யா, எங்க சாமி டவுன்ல இல்லைங்கறதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். இதற்கு எந்த அரசாணையில் பதில் இருக்கிறது?

2021 ஜூனில் சுற்றுலாத் துறைக்கென்றே ஒரு கடன் உத்தரவாதம் அறிவித்தார்கள். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிக்கு 1 லட்சம், அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனத்துக்கு 10 லட்சம் வரை. இந்தியா முழுமைக்கும் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம் பேர்தான் அதற்குள் வந்தார்கள். 'அங்கீகாரம்' என்ற ஒரு சொல்லில் தேசத்துச் சுற்றுலா முழுவதும் அடங்கிவிட்டது. சுவாமிமலையில் மெழுகு வார்க்கிறவர், தஞ்சாவூரில் நெட்டி சீவுகிறவர், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரம் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர், கோயிலுக்கு வெளியே செருப்புக்குக் காவல் இருக்கிற பாட்டி, இவர்கள் யாரும் சுற்றுலாத் துறையில் இல்லையாம். வெளியூர்க்காரர் வருவதே இவர்கள் கைவேலையையும் இவர்கள் ஊர்க் கோயிலையும் பார்க்கத்தானே!

இனி வருகிறவர் எப்படி வருகிறார் என்று பாருங்கள். ஒரே நாளில் ஒன்பது கிரகம். 2024-இல் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து இப்படி ஒரு சுற்றுப் பேருந்து விட்டது. வயதானவர்களுக்கு அது சௌகரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். விடியற்காலை புறப்பட்டு ராத்திரி திரும்புவதற்குள் ஒன்பது கோயில் என்றால், ஒரு ஊருக்கு முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. அதில் தரிசனம் போக ஒரு காபிக்குத்தான் நேரம். ஒருவரே ஒன்பது ஊருக்கு வந்துவிட்டார், ஒரு ஊரிலும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஊருக்கு மிஞ்சியது தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் பையும். அவற்றைப் பொறுக்குகிற தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது ஊராட்சி. ஆக, வண்டி கூடக் கூட ஊருக்குச் செலவுதான் கூடுகிறது!

இங்கே என் பழைய படிப்பைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு ஸேன், லுவார், கரோன், ரோன் என்று நதிகளை ஒப்பித்த கூட்டம் நாங்கள். அந்தப் படிப்பால் சோற்றுக்கு ஆனது கொஞ்சம்தான். ஆனால் பிரெஞ்சுக்காரனிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயம் உண்டு.

ஒன்று, 'ழீத்'. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சின் மலைக் கிராமங்களில் ஜனம் பட்டணத்துக்குப் போய்விட்டது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆல்ப்ஸ் பக்கத்து செனட்டர் எமில் ஒபேர் ஒரு யோசனை சொன்னார். பூட்டிக் கிடக்கிற வீட்டைச் செப்பனிட்டு, விடுமுறைக்கு வருகிற பட்டணத்துக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள், குடியானவனுக்கு இரண்டாவது வருமானம் வரும், வீடும் இடியாது. 1951-இல் ஒரு சின்ன ஊரில் முதல் வீடு திறந்தது. 1955-இல் நாடு முழுவதற்கும் கூட்டமைப்பே உருவாகிவிட்டது. இன்றைக்கும் நடக்கிறது. அதற்கு மாளிகை எதுவும் கட்டவில்லை. இருந்த வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள், கக்கூஸ் கட்டினார்கள்.

இன்னொன்று, தங்கல் வரி. 1910-ஆம் வருடத்துச் சட்டத்தில் அது பிறந்தது. வெளியூர்க்காரர் ஓர் ஊரில் ஒரு ராத்திரி தங்கினால், தலைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை ஊர் நிர்வாகத்துக்குப் போகும். அதை வருகிறவர்களுக்கான வசதிகளுக்கே செலவழிக்க வேண்டும். தொகை தருகிறவருக்கு அது ஒரு காப்பிக் காசு. ஊருக்கோ கழிப்பறை, விளக்கு, குப்பை வண்டி.

நம்மிடம் இதற்கு வழியே இல்லையா? பாதி வழி இருக்கிறது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டம், சொந்த வீட்டில் ஒன்றிலிருந்து ஆறு அறை வரை விடலாம், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்கிறது. அருமையான விதி. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தமிழ்நாடு அரசு 2023-இல் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டு, சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது. அதனால் பெரிய முதலாளிக்கு வழி தெரிந்துவிட்டது. திண்ணையும் முற்றமும் வைத்த வீட்டில் தனியாக இருக்கிற விதவைக்கு யார் வழி சொல்வது?

ஊராட்சியின் நிலைமை இன்னும் வேடிக்கை. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் பதினோராவது அட்டவணையில் 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு உரியவை என்று எழுதியிருக்கிறது. சிறு பாசனம் இருக்கிறது, மீன்வளம் இருக்கிறது, குடிசைத் தொழில் இருக்கிறது, சந்தையும் திருவிழாவும் இருக்கிறது. சுற்றுலா இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி ஆள் கூப்பிடுகிறார்கள், ஊருக்கு அதில் வாய் கிடையாது.

என் பிறந்த மண்ணில் கதை அதைவிட மோசம். திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. அந்த ஊருக்குக் கொம்யூன் பஞ்சாயத்து உண்டு, வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர். ஆனால் புதுச்சேரி மாநிலத்தில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். அவர்கள் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது, அதன்பின் தேர்தலே இல்லை. தங்கல் வரி போட்டாலும், இது எங்கே போயிற்று என்று கேட்க ஊர் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் வேண்டாமா?

இதை எல்லாம் சொன்னால் இரண்டு மறுப்பு வரும். முதலாவது, "கிராமத்தில் யார் வந்து தங்குவார்?" என்பது. சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற நம் பேரப் பிள்ளைகளே தங்குவார்கள். நாற்றங்கால் எது, நடவு வயல் எது என்று தெரியாமல் வளர்ந்தவர்கள் அவர்கள். காவிரியில் தண்ணீர் வரும் நாள், ஆடிப்பெருக்கு, சம்பா அறுப்பு என்று காட்டுவதற்கு வருடம் முழுக்க இருக்கிறது. நடவு முடிந்து அறுப்பு வரும்வரை கையில் வேலையில்லாத மாதங்களில் விவசாயத் தொழிலாளி குடும்பத்துக்கு நாலு காசு வர இது ஒரு வழி.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை நான் ஒதுக்க மாட்டேன். யார் வீட்டில் தங்குவார்கள்? அக்கிரகாரத்து ஓட்டு வீட்டையும் மிராசுதார் பங்களாவையும் மட்டும் படம் பிடித்துப் போட்டு இதுதான் டெல்டா என்றால், தெற்குத் தெருக்காரர் அங்கேயும் பாத்திரம் தேய்க்கத்தான் போவார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோன மண் இது. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டவர்கள் அவர்கள். அந்த மண்ணில், வீடு செப்பனிடும் கடனை முதலில் குடிசைத் தெருவுக்கும் கைவினைத் தெருவுக்கும் கொடுக்காமல் ஆரம்பித்தால் அது பழைய கதையின் புதுப் பதிப்பு. பிரெஞ்சு மலைக் கிராமத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. நமக்கு உண்டு. அதனால்தான் இதைச் சந்தையின் கையில் விடாமல், ஊராட்சியின் கையில் கணக்கோடு கொடுக்கச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. எண்ணெய்க் கிணறு, துத்தநாக உருக்காலை, தோல் தொழிற்சாலை என்று புதிதாக வரக்கூடாதவற்றுக்கு அதில் அட்டவணை இருக்கிறது. சொகுசு விடுதி அந்த அட்டவணையில் இல்லை. 'வயல்வெளி அனுபவம்' என்று பலகை மாட்டிவிட்டு அந்த வயலையே மண் கொட்டி மேடாக்கினால், நாளைக்கு வருகிறவருக்கு எதைக் காட்டுவது? நஞ்சையில் கட்டடம் எழுப்பித்தான் சுற்றுலா வளரும் என்றால் அப்படிப்பட்ட சுற்றுலா நமக்கு வேண்டாம்.

படிக்கிற அன்பர்களில் பலர் என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள். கையில் நேரம் இருக்கிறது, மனு எழுதத் தெரியும், கிராம சபையில் எழுந்து பேசினால் "பெரியவர் சொல்றார்" என்று கேட்பார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. போய் உட்காருங்கள். தீர்மானத்துக்கு வாசகம் நான் எழுதித் தருகிறேன், உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"நமது ஊரில் வெளியூர் விருந்தினர்களுக்கு அறை விட விரும்பும் குடும்பங்களை, குடிசைத் தெருவிலிருந்து தொடங்கி, ஊராட்சியே பதிவு செய்ய அனுமதி கோருகிறோம். தங்குவோரிடம் சிறு தொகை பெற்று, அதை ஊரின் கழிப்பறை, குடிநீர், துப்புரவுக்குச் செலவிடும் அதிகாரம் கோருகிறோம். அந்த வரவு செலவு மாதந்தோறும் கோயில் வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்டப்படும்."

மூன்றே வாக்கியம். கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒப்புகைச் சீட்டுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கேட்கவேயில்லை என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.