மேஜை மேல் ஒரு முற்றுகை!



'ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவனுக்கு நெப்போலியனோடு என்னடா வேலை?' என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழத்தான் செய்கிறது. இருந்தாலும் ஆண்டு மலரில் இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது, விடுவேனா? போன செமஸ்டர் லீவு முடிந்ததிலிருந்து எங்கள் விடுதி அறையில் ஒரு யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு டிராயிங் ஷீட்டை ஒட்டி வரைந்த ஒரு நகரம், தீப்பெட்டி வீடுகள், ஒரு டப்பா நிறையச் சட்டைப் பட்டன்கள், நான்கு பகடைகள். இவ்வளவுதான் சாமான். ஆனால் அதை வைத்து வந்த சண்டை சாமானியமானதல்ல. இரண்டு நண்பர்கள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அந்தச் சண்டையைப் பற்றித்தான் என் கருத்தைச் சொல்ல வந்தேன்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பிறந்த சதுரங்கம் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் 1780-ல் அதைப் பெரிய பலகையாக்கி, குதிரைப்படை, பீரங்கி எல்லாம் சேர்த்துப் போர் விளையாட்டு ஆக்கினார். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி கட்டங்களையே தூக்கிப் போட்டுவிட்டார். 1:8000 அளவில் வரைந்த நிஜ நிலப்படம், பகடை, இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் என்று புதிய முறை வந்தது. ஸ்கேலைப் பார்த்தீர்களா, நம்ம சர்வே லேப் விவகாரம்தான்! பிறகு 1913-ல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகம் எழுதிப் பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் பரப்பினார். இன்றைக்கு உலகம் முழுக்க இதில் பைத்தியமானவர்கள் உண்டு. நடந்த போர் ஒன்றை எடுத்துக்கொண்டு, களம் எது, படை எவ்வளவு, எத்தனை சுற்று, எதைச் செய்தால் வெற்றி என்று வகுத்துத் தருவதற்கு 'சினாரியோ' என்று பெயர். நான் செய்யப் போனது அந்த வேலைதான்.

நெப்போலியன் காலப் போர் என்றால் பெரும்பாலும் ஆஸ்டர்லிட்ஸ், வாட்டர்லூ என்று திறந்த வெளியைத்தான் எடுப்பார்கள். காலாட்படை வரிசையாக நிற்கும், குதிரைப்படை பாயும், பீரங்கி முழங்கும். ஒரு சுற்று என்பது கால் மணியோ அரை மணியோ. நடுவில் ஒரு கிராமம் வந்தால் பச்சை அட்டை ஒன்றை வைத்து, 'உள்ளே இருப்பவருக்குப் பகடையில் ஒன்று கூடுதல்' என்று எழுதிவிட்டால் போதும். சரி, போரே ஒரு நகரத்துக்குள் நடந்தால்? அங்கேதான் இந்த விதிகள் எல்லாம் பல்லிளிக்கின்றன.

1812-ன் ஸ்மோலென்ஸ்க், 1813-ன் லைப்சிக் என்று நகரப் போர்கள் சில உண்டு. லைப்சிக்கில் பாலத்தை அவசரப்பட்டு வெடித்துத் தகர்த்த கதை ஒன்றே ஒரு சினாரியோவுக்குப் போதும். ஆனால் நான் எடுத்துக்கொண்டது ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கும் சரகோசா. 1808 கோடையில் பிரெஞ்சுக்காரர்கள் முதல் தடவை வந்து முட்டிப் பார்த்தார்கள். போர்ட்டில்லோ வாசலில் பீரங்கிக்காரர்கள் எல்லாரும் விழுந்துவிட, அகுஸ்தினா என்ற பெண் ஓடிப்போய் பீரங்கிக்குத் தீ வைத்தது அப்போதுதான். ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள். டிசம்பர் 20-ல் ஏறத்தாழ 40,000 பேரோடு திரும்பி வந்தார்கள். உள்ளே பலஃபோக்ஸ் என்ற தளபதியின் கீழ் முப்பதாயிரத்துக்கு மேல் படை. அதோடு ஆயுதம் எடுத்த விவசாயிகள், துறவிகள், பெண்கள். 1809 ஜனவரி 27-ல் மதிலில் உடைப்பு விழுந்தது. மதில் விழுந்தால் கோட்டை சரண் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். சரகோசா அந்த வழக்கத்தை மதிக்கவில்லை. பிப்ரவரி 20 வரை வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை சண்டை.

இந்த 25 நாளைத்தான் மேஜையில் கொண்டுவர நினைத்தேன். முதல் தடவை ஆடியபோது மானம் போயிற்று. திறந்தவெளி விதிகளையே வைத்துக்கொண்டேன். பிரெஞ்சுத் தரப்பில் ஆடிய மெக்கானிக்கல் நண்பன் நேராகத் தெருவில் படையை நடத்திக்கொண்டு போய் மூணே சுற்றில் ஊரைப் பிடித்துவிட்டு, 'அவ்வளவுதானாடா உன் சரகோசா?' என்றான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

தப்பு எங்கே என்று ஒரு வாரம் யோசித்தேன். சிவில்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் எனக்கே தெரியாமல் போயிருந்தது. நகரப் போரில் தெரு என்பது வழி அல்ல. தெருவில் தலை காட்டினால் இரண்டு பக்க மாடியிலிருந்தும் சுடுவார்கள். வழி என்பது சுவர்தான்! பிரெஞ்சு எஞ்சினியர்கள் அப்படித்தான் முன்னேறினார்கள். ஒரு வீட்டின் பக்கச் சுவரை உடைத்து அடுத்த வீடு, அங்கிருந்து அடுத்தது. தெருவைத் தாண்ட வேண்டுமென்றால் அதற்கு அடியில் சுரங்கம் தோண்டி, எதிர்வீட்டுக்குக் கீழே மருந்து வைத்தார்கள். எனவே டிராயிங் ஷீட்டில் நான் தெருக்களுக்குக் கொடுத்திருந்த முக்கியத்துவத்தை அழித்துவிட்டு, வீட்டுத் தொகுதிகளையும் அவற்றுக்கு இடையிலான சுவர்களையும் வரைந்தேன். தெருவில் இறங்கினால் படையில் பாதி போகும். சுவரைத் துளைக்க 'சாப்பர்' காய் வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே சாப்பர்தான். இந்தக் காய் மொத்தம் ஆறுதான். போனால் போனதுதான், திரும்ப வராது. நிஜத்திலும் அப்படியே. எஞ்சினியர் தளபதி லாகோஸ்த் பிப்ரவரி தொடக்கத்திலேயே குண்டடிபட்டு இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ரோஞாவும் காயம் பட்டார். இன்னொரு எஞ்சினியர் அதிகாரி லெஜோன், பிழைத்துப்போய்ப் பின்னாளில் சாந்தா எங்ராசியா மடத்துத் தாக்குதலை ஓவியமாகவே வரைந்தார். டிராயிங் ஹாலில் தூங்குகிறவர்கள் கவனிக்க!

மருந்தின் அளவில்தான் பெரிய ருசி இருக்கிறது. நிறைய மருந்து வைத்தால் வீடு முழுக்கத் தரைமட்டம். எதிரி செத்தான், சரி. ஆனால் அந்த வெட்டவெளியில் நீ எங்கே ஒதுங்குவாய்? அடுத்த வீட்டுக்காரன் உன்னைச் சுடுவான். இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டு பிரெஞ்சுக்காரர்கள் சுவரில் ஓட்டை விழுமளவுக்கு மட்டும் மருந்தைக் குறைத்தார்கள். ஸ்பானியர்கள் சும்மா இருந்தார்களா? காக்க முடியாத வீட்டுக்குத் தாங்களே தீ வைத்தார்கள். நெருப்பு அணையும்வரை எதிரி நெருங்க முடியாதல்லவா? இதையெல்லாம் விதியாக எழுதினேன். மருந்து வைக்க இரண்டு நாள். 'சின்ன வெடியா, பெரிய வெடியா' என்று முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். தீ வைத்தால் இரண்டு நாள் அந்தத் தொகுதி யாருக்கும் இல்லை. மடங்கள் எல்லாம் கோட்டைக் கணக்கு. ஒரு சுற்று என்பது ஒரு முழு நாள்.

இப்போது ஆட்டம் ஆட்டமாக இருந்தது. ஆடு புலி ஆட்டம் மாதிரி, இரண்டு பக்கமும் சமமில்லை, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வேலை உண்டு. மெக்கானிக்கல் நண்பனே 'இப்பதான்டா சூடு பிடிக்குது' என்றான்.

சண்டை வந்தது காய்ச்சலால்.

சரகோசாவில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குண்டடிபட்டுச் சாகவில்லை. நகரவாசிகள், சிப்பாய்கள், அடைக்கலம் வந்த கிராமத்தார் எல்லாம் அடைபட்டுக் கிடந்த ஊரில் பேன் மூலம் பரவும் டைபஸ் காய்ச்சல் புகுந்தது. கடைசி வாரங்களில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பிணம் விழுந்தது. முற்றுகை முடிந்தபோது இறந்தவர் தொகை ஏறத்தாழ 54,000 என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிரெஞ்சுப் பக்கம் 10,000 அளவில். பலஃபோக்ஸே காய்ச்சலில் விழுந்து, பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்த பிறகுதான் சரணாகதி வந்தது.

இதை விட்டுவிட்டு சரகோசா சினாரியோ செய்தால் அது உப்பில்லாத சாம்பார். ஒரு பட்டனுக்கு ஆயிரம் பேர் என்று வைத்தேன். ஜனவரிக்குள்ளேயே காய்ச்சல் கொஞ்சம் பேரைக் கொண்டுபோய்விட்டதால் 90 பட்டன்களோடு ஆரம்பம். தினமும் பகடை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குப் பட்டன் டப்பாவுக்குப் போகும். வெற்றி விதி ரொம்ப எளிமை: 25 நாளுக்கு மேல் தாங்கினால் ஸ்பெயினுக்கு ஜெயம்.

மெக்கானிக்கல் நண்பன் இந்த முறை ஸ்பெயின். பயல் கெட்டிக்காரன். வீடு வீடாகத் தீ வைத்தான், சாப்பர்களைக் குறிவைத்துத் தீர்த்தான், இருபத்தெட்டாம் நாளும் பாதி நகரம் அவன் கையில். மேஜையில் மிச்சம் ஒன்பது பட்டன். 'பலஃபோக்ஸையே மிஞ்சிட்டேன்!' என்று மேஜையைத் தட்டினான்.

நடுவராக இருந்த அறை நண்பன் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான். 'யாரை வெச்சுக்கிட்டுடா ஜெயிச்ச?'

'ரூல் அப்படித்தானே இருக்கு? ரூல் எழுதினவனைக் கேளு!'

ரூல் எழுதினவன் நான்தான். பேச்சு வளர்ந்து வேறு எங்கெல்லாமோ போயிற்று, அதை விடுங்கள். சமாதானமான பிறகு அறை நண்பன் ஒரு வழி சொன்னான்: போகிற பட்டன் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்ணைக் கழித்துவிடலாம். நியாயமாகத்தான் பட்டது. ஆடிப் பார்த்தோம். ஸ்பெயின்காரன் முதல் நாள் காலையிலேயே வெள்ளைக்கொடி காட்டிவிட்டு முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டான்!

என் கருத்து இதுதான். முதல் விதி பொய், இரண்டாவது விதியும் பொய். முதலாவதில் செத்தவர்கள் கணக்கிலேயே இல்லை. இரண்டாவதில் எதிர்த்து நின்றவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்றாகிறது. அகுஸ்தினா முட்டாளா? அவர்களுக்குக் காரணம் இருந்தது. அவர்கள் தாங்கிய ஒவ்வொரு நாளும் நெப்போலியனின் இரண்டு படைப்பிரிவுகள் வேறெங்கும் போகமுடியாமல் அங்கேயே கட்டுண்டு கிடந்தன. அதே நேரத்தில் அவர்கள் தாங்கிய ஒவ்வொரு நாளும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளே காய்ச்சலில் செத்தார்கள். இரண்டும் உண்மை. நாளையும் உயிரையும் ஒரே கணக்கில் கூட்டிக் கழிக்க நமக்கு எந்த ஃபார்முலாவும் இல்லை. இருப்பதுபோல் பாவனை செய்கிற சினாரியோவை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே மூன்றாவது தடவை எழுதினேன். தாங்கிய நாள் ஒரு பத்தியில், போன பட்டன் இன்னொரு பத்தியில். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கூடாது. பத்துப் பட்டன் போனால் ஒரு தற்காப்புக் காயும் போகும், ஏனென்றால் துப்பாக்கி பிடித்ததும் அதே ஜனங்கள்தான். தினமும் காலையில் நடுவர், 'சரணா, சண்டையா?' என்று கேட்பார். ஸ்பெயின்காரர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பட்டனை டப்பாவில் போடுவது நடுவர் அல்ல, அவரே தன் கையால் போட வேண்டும்.

'அப்போ யாருதான் ஜெயிச்சா?' என்றான் மெக்கானிக்கல். அந்தக் கேள்வியை மார்ஷல் லானிடம் கேட்டுப் பார்க்கலாம். சரகோசாவைப் பிடித்தவர் அவர்தான். இது தான் பழகிய யுத்தம் இல்லை, அருவருப்பாக இருக்கிறது என்று நெப்போலியனுக்கே எழுதியவரும் அவர்தான்.

விடுதிப் பக்கம் வந்த ஆசிரியர் ஒருவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, 'யுத்தத்தையெல்லாம் விளையாட்டாக்கறீங்களே, இது சரியா?' என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தது பதினேழாம் நாள். மெக்கானிக்கல் கையில் ஐந்து பட்டன்களை வைத்துக்கொண்டு டப்பாவில் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவர் அதையும் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டவில்லை, அதுவே பெரிசு.

அன்றைக்கு அவன் இருபத்தோராம் நாள் காலை சரண் சொன்னான். டப்பாவில் 47. நான் பிரெஞ்சுத் தரப்பில் ஆடினேன், சாப்பர் ஒருவன் பாக்கி. இதே சினாரியோவை எலக்ட்ரிக்கல் பசங்க இரண்டு பேர் போன ஞாயிற்றுக்கிழமை ஆடியபோது முப்பது நாள் போயிற்று. எத்தனை பட்டன் என்று அவர்கள் சொல்ல மறுக்கிறார்கள், நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு குறை. எப்ரோவின் வடகரையில் இருக்கும் சான் லாசரோ புறநகருக்கு விதி சரியாக அமையவில்லை. பிப்ரவரி 18-ல் அது விழுந்ததும் ஆற்றங்கரைப் பக்கமிருந்தும் நகரத்தைப் பீரங்கியால் அடிக்க முடிந்தது. மேஜையில் அதை எப்படிக் காட்டுவது? ஆற்றுக்கு ஒரு தனி ஷீட் ஒட்டலாமா என்று பார்க்கிறோம். யோசனை உள்ளவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். பகடை எங்களிடம் இருக்கிறது, வரும்போது பட்டன் மட்டும் கொண்டுவாருங்கள். என் சட்டை இரண்டில் மேல் பட்டன் இல்லை.