இன்ஜினியரிங்கிலிருந்து வகுப்பறைக்கு

பொறியியல் இரண்டாம் ஆண்டில், “எனக்குக் கணக்கு சொல்லித்தரத்தான் பிடிச்சிருக்கு” என்று பிள்ளை சொன்னால் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. பி.எஸ்சி. கணிதத்துக்கு மாறினால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். கட்டிய பணமும் போகும். ஆனாலும் பொறியியலை முடித்துவிட்டே ஆசிரியராக வழி இருக்கிறது. அறிவியல், கணிதச் சிறப்புப் பாடத்துடன் 55 சதவீதம் எடுத்த பொறியியல் பட்டதாரிகள் பி.எட். சேரலாம் என்கின்றன தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள். பி.எட். முடித்த அவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கணிதம் நடத்தலாம் என்று 2019இல் தமிழக அரசும் அறிவித்தது. மனமார வரவேற்கிறேன். மின்சுற்றுக் கணக்கு போட்டவரிடம் “இது எதுக்கு சார்?” என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் ஏன் வருகிறது என்று ஏழாம் வகுப்புக்குப் புரியவைப்பதோ தனி வித்தை; பள்ளியில் நின்று பழகும் பி.எட். பயிற்சி நாட்களை ஒருபோதும் குறைக்கக் கூடாது.